திரி தூண்டிய எலியும் தீராக் கடனும்

வேதாரணியம் என இன்று வழங்கும் திருமறைக்காட்டுக் கோயிலைப் பற்றிய கதையொன்று சைவ மக்களிடையே நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. நள்ளிரவில் அணையும் நிலையிலிருந்த திருவிளக்கின் நெய்யை உண்ண எலியொன்று வந்தது. சுடர் அதன் மூக்கிற் பட்டது. எலி அஞ்சித் துள்ளிற்று; அத்துள்ளலில் திரி தூண்டப்பெற்று விளக்கு மீண்டும் ஒளிர்ந்தது. திருத்தொண்டு புரியும் எண்ணம் எலிக்கு இருந்ததில்லை. அதற்கு இருந்தது பசியொன்றே. எனினும் இறைவன் அச்செயலையும் கணக்கிற் கொண்டு, மறுபிறவியில் அவ்வெலியை மூவுலகும் ஆளும் மாவலி மன்னனாக்கினான் என்பர். அப்பர் தேவாரத்திலும் இச்செய்தி இடம்பெற்றுள்ளது.

இக்கதையின் உட்பொருள் ஆழமானது. அறியாது செய்த உதவியாயினும், வலியினாற் பிறந்த உதவியாயினும், அதனாற் பயன்பெற்றவன் கடன்பட்டவனே என்பது அதன் கருத்து. இன்று உலகின் ஆய்வுகூடங்களில் எண்ணற்ற எலிகள் மருத்துவ அறிவென்னும் விளக்கின் திரியைத் தாம் அறியாமலே தூண்டி மடிகின்றன. அவற்றின் நோவிலிருந்து நாம் பயன் கொள்வது அறமாகுமா? ஆகுமெனின், எந்த நிபந்தனையின் பேரில் ஆகும்? இவ்வினாவை ஒரு நோயின் வரலாற்றை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினா எனக்கு நூல்களிலிருந்து வந்ததன்று. பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில், எமது லயத்திற்கு மேல் லயத்தில், ஒன்பது வயதுச் சிறுமியொருத்தி ஓயாத தாகத்தாலும் மெலிவாலும் வருந்தினாள். பூச்சித் தொல்லை என்றனர் சிலர். கண்ணூறு என்று மந்திரித்துக் கயிறு கட்டினர் சிலர். அவள் சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்ப்பதை முதலிற் கவனித்தவர் எழுத்தறியாத பாட்டியாரே. ஒரு நாள் இரவு அவள் மயங்கிய நிலையில், தோட்டத்து லொறியிற் பதுளைக்குக் கொண்டுசெல்லப்பட்டாள். உயிர் மீண்டாள். அன்றுமுதல் நாளும் இன்சுலின் ஊசியேற்றியே அவள் வாழ்கின்றாள். சில மாதங்களின் பின் விடுமுறைக்குச் சென்றிருந்தபொழுது, கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு அவளுடைய தாய் என்னிடம் கேட்டார்: "தம்பி, நீங்க படிக்கிற புள்ள. சின்னவனுக்கும் இது வந்துருமா? வராம தடுக்க மருந்து ஏதும் இருக்கா?"

அத்தாயின் வினாவுக்கு விடை தேடிய வழியிலேதான் நான் எலிகளைச் சந்திக்க நேர்ந்தது.

சிறுவருக்கு வரும் இந்நீரிழிவு, முதியோரிடம் பெரிதும் காணப்படும் நீரிழிவினின்றும் வேறானது. முதலாம் வகை என மருத்துவர் இதனைக் கூறுவர். சதையியின் உள்ளே இலங்கர்கான் சிறுதீவுகள் எனப்படும் கலக் கூட்டங்கள் உள்ளன. அவற்றிலுள்ள பீற்றாக் கலங்களே இன்சுலினைச் சுரப்பவை. உடலைப் பகையினின்று காக்கவேண்டிய நிர்ப்பீடனத் தொகுதி, இந்நோயில் அப்பீற்றாக் கலங்களையே பகையெனக் கொண்டு சிறிது சிறிதாக அழித்துவிடுகின்றது. பெரும்பகுதி அழிந்த பின்னரே தாகமும் மெலிவும் வெளித்தோன்றுகின்றன. ஆதலால் நோய் அறியப்படும் நாளுக்குப் பல மாதங்கள், சிலரிடம் பல ஆண்டுகள் முன்னரே, உள்ளே போர் தொடங்கிவிடுகின்றது.

உடல் தன்னைத் தானே தாக்குமா என்பது ஒரு காலத்தில் ஐயத்திற்குரியதாய் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் போல் ஏர்லிக் என்னும் செருமானிய அறிஞர், உடல் தனக்கெதிராக நஞ்சுண்டாக்குவதை வெறுத்து விலக்கும் இயல்புடையது எனக் கருதினார். அவ்வியல்பு தவறக்கூடும் என்பதற்குச் சான்றாக அமைந்தவற்றுள் ஒன்று எமது பகுதிகளிலும் வழங்கிய மருந்தாகும். டேவிட் செம்பிள் என்பார் 1911ஆம் ஆண்டளவில் இந்தியாவின் கசௌலியில் உருவாக்கிய விசர்நாய்க்கடித் தடுப்பு மருந்து, ஆட்டின் மூளையிலிருந்து செய்யப்பட்டது. நீலகிரியின் குன்னூரில் 1907ஆம் ஆண்டு தோன்றிய பாஸ்டர் நிலையமும் இவ்வகை மருந்தைப் பன்னெடுங்காலம் தயாரித்தது. அதனால் உயிர் தப்பியோர் மிகப் பலர். ஆயினும், ஊசியேற்றப்பெற்றோருள் சிலருக்கு வாதமும் மூளை அழற்சியும் உண்டாயின. ஆட்டின் மூளைக்கு எதிராக எழுந்த நிர்ப்பீடனம், மனிதரின் சொந்த மூளையையும் நரம்பையும் தாக்கியதே அதற்குக் காரணம். கலவளர்ப்பு முறையிற் செய்யப்பட்ட பாதுகாப்பான மருந்து 1970களிலேயே வந்துவிட்டது. எனினும் பழைய மருந்து இலங்கையில் 1995 வரையும், இந்தியாவில் 2004 வரையும் வழக்கில் இருந்தது. புதிய மருந்தின் விலையைக் கொடுக்க இயன்றோர் அதனைப் பெற்றனர். இயலாத ஏழையர் ஆட்டு மூளை மருந்தையே பெற்றனர். இச்செய்தி பின்னரும் பயன்படும் ஆதலின் நினைவிற் கொள்ளத்தக்கது.

இனி, நிர்ப்பீடனத் தொகுதி பெரும்பாலும் தன்னுடையதைத் தாக்காது விட்டுவைப்பது எவ்வாறு? இவ்வியல்பை நிர்ப்பீடனப் பொறை எனலாம். பொறையுடைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் வழிவந்த எமக்கு இச்சொல் அயலானதன்று. தாக்கும் வலிமை இருந்தும் தாக்காதிருத்தலே பொறை, வலிமையின்மை பொறையாகாது. 1953ஆம் ஆண்டு பீற்றர் மெடவார், பில்லிங்காம், பிரெண்ட் ஆகிய மூவரும், பிறவாத சுண்டெலிக் கருவினுள் வேறோர் இன எலியின் கலங்களைச் செலுத்தினர். அக்குட்டி வளர்ந்தபின் அவ்வேற்றின எலியின் தோலை ஒட்டியபொழுது, அதனைத் தன் தோலெனவே ஏற்றுக்கொண்டது. தன்னது, பிறிது என்னும் வேறுபாட்டை உடல் ஒரு பகுதியேனும் கற்றுக்கொள்கின்றது என்பது இதனால் தெளிவாயிற்று. இவ்வுண்மையை முன்னுணர்ந்து கூறிய பேர்னெற் என்பாரும் மெடவாரும் 1960ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர். பின்னர் யப்பானிய அறிஞர் சகாகுச்சி, ஏனைய கலங்களின் சினத்தை அடக்கிவைக்கும் ஒருவகைக் காவற் கலங்கள் உண்டென்பதை 1995ஆம் ஆண்டு எலிகளிற் காட்டினார். அவரும் பிரன்கோ, ராம்ஸ்டெல் என்னும் இருவரும் 2025ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். இவ்விருவரின் கண்டுபிடிப்பும் நோயுற்ற ஓர் எலியினத்தின் வழியாகவே வந்தது.

நீரிழிவு ஆய்வுக்கெனவே தனியொரு சுண்டெலியினம் உண்டு. யப்பானின் சியோனோகி ஆய்வுகூடத்தில் மக்கினோவும் அவருடைய துணைவரும் அதனை உருவாக்கி, 1980ஆம் ஆண்டு உலகிற்கு அறிவித்தனர். உடல் பருக்காமலே நீரிழிவு அடைவதால் அதற்குப் பருமனற்ற நீரிழிவெலி எனப் பெயர். பிறந்து சில வாரங்களிலேயே அதன் சதையிச் சிறுதீவுகளுள் நிணநீர்க்குழியங்கள் புகுகின்றன. முப்பது வாரங்கள் நிறையுமுன் பெண் எலிகளுட் பெரும்பாலானவை நோயுறுகின்றன. தாகம், மிகுந்த சிறுநீர், மெலிவு, இன்சுலின் இல்லையேற் சாவு என, மேல் லயத்துச் சிறுமி பட்டவை யாவும் அவ்வெலியும் படுகின்றது. இங்கே ஒரு செய்தி ஊன்றி நோக்கற்பாலது. வழியிற் பிடித்த விலங்கை ஆய்வுக்குட்படுத்துவது ஒன்று; நோயுறும் பொருட்டே ஓர் உயிரினத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்துப் பிறப்பிப்பது வேறொன்று. பின்னதில் அவ்வுயிரின் துன்பத்திற்கு நாமே முழுக் காரணராகின்றோம். ஆதலின் அதற்கு விடை கூறும் பொறுப்பும் முழுதும் எம்மையே சாரும்.

அவ்வெலிகளில் நோயை வருமுன் தடுப்பது எளிதாயிற்று. இன்சுலினை முன்கூட்டியே ஊசிவழி ஏற்றியும், வாய்வழி ஊட்டியும், சிறுதீவுகளிலுள்ள வேறு புரதங்களைக் கொடுத்தும், பகைமை பாராட்டும் கலங்களுக்குப் பொறையைக் கற்பிக்க முயன்றனர். நூறு வழிகளுக்கு மேற்பட்டவை எலிகளிற் பயனளித்தன. மனிதரிலோ நிலை வேறாயிற்று. நோயாளரின் உறவினருக்கு இன்சுலினை முன்னரே கொடுத்துப் பார்த்த அமெரிக்கப் பேராய்வின் முடிவுகள் 2002, 2005ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. ஊசிவழி கொடுத்ததும் வாய்வழி கொடுத்ததும் நோயைத் தடுத்தில என அவை கூறின. இறுதியில் ஒரு வழி ஓரளவு வென்றது. ரி நிணநீர்க்குழியங்களின் மேற்பரப்பிலுள்ள ஒரு மூலக்கூறைப் பற்றும் பிறபொருளெதிரியைச் சில நாட்கள் கொடுத்தால், நீரிழிவெலி பொறை பெறுகின்றது என்பதைப் பாரிசில் இலூசியன் சத்தனூவும் அவருடைய குழுவினரும் 1994ஆம் ஆண்டு காட்டினர். அவ்வகையில் மனிதருக்கென ஆக்கப்பட்ட டெப்லிசுமாப் என்னும் மருந்து, நோய் வரும் அறிகுறியை இரத்தத்திற் கொண்டிருந்த 76 உறவினரிடையே ஆராயப்பட்டது. 2019ஆம் ஆண்டு வெளிவந்த முடிவின்படி, அது நோயின் வரவை ஏறத்தாழ ஈராண்டு பின்தள்ளிற்று. 2022 நவம்பரில் அமெரிக்க அரசு எட்டு வயதும் அதற்கு மேலும் உள்ளோருக்கு அதனை வழங்க அனுமதித்தது.

ஆகவே அத்தாயின் வினாவுக்கு விடை உண்டு. மூத்தவளுக்கு நோய் இருப்பதால் இளையவனுக்கு அது வரும் வாய்ப்பு, மேனாட்டுக் கணக்கின்படி நூற்றுக்கு ஐந்தளவே. இரத்தத்தில் உரிய பிறபொருளெதிரிகள் உளவா என்று சோதித்தால் முன்னரே அறியலாம். அறிந்தபின் பின்தள்ளவும் மருந்து உண்டு. "இருக்கு அக்கா" என்றேன். அதற்கு மேல் என்னாற் பேச இயலவில்லை. ஏன் இயலவில்லை என்பதே இக்கட்டுரையின் மீதி.

முதலில் எலியின் வழக்கைக் கேட்போம். விலங்கை மனிதன் தன் கருவியாகக் கொள்வதிற் குற்றமில்லை என்போர், அதற்குப் பகுத்தறிவு இன்மையைக் காரணமாகக் காட்டுவர். விலங்குக்கு நாம் நேரடியாகக் கடமைப்பட்டவரல்லர், அதனை வதைப்பவனின் நெஞ்சு மனிதரிடமும் இறுகிவிடும் என்பதாலேயே வதைத்தல் தகாது என்றார் காண்ட். ஆனால் பகுத்தறிவே அளவுகோல் எனின் பிள்ளைக் காம்பராவிலே கிடக்கும் கைக்குழந்தையின் நிலை யாதாகும்? அளவுகோல் சிந்திக்கும் ஆற்றலன்று, துன்புறும் ஆற்றலே என 1789இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார் பெந்தம். எமது மரபு இன்னும் ஒருபடி மேலே செல்கின்றது. சைவ சித்தாந்தம் எலியையும் மனிதனையும் பசு என்னும் ஒரே வகையில் வைக்கின்றது. இருவரும் வினைவழி உடலெடுத்த உயிர்களே, வேற்றுமை உடம்பின்பாற்பட்டது. வள்ளுவரும் கொல்லாமையைத் துறவறத்தின் தலையாய அறங்களுள் வைத்தார். ஆதலின் எலியின் துன்பம் கணக்கில் வாராதது என்று எம்மவர் கூறுவதற்கு இடமில்லை.

அவ்வாறாயின் ஆய்வை முற்றாக நிறுத்திவிடுவோமா? இவ்வாறு முடிவு கூறுவது எளிது. ஆனால் அம்முடிவை மேல் லயத்துத் தாயின் முன் நின்று கூற என்னால் இயலாது. அவருடைய மகள் இன்று உயிரோடிருப்பது நாய்களின் உயிரால். 1889ஆம் ஆண்டு மிங்கோவ்ஸ்கியும் வொன் மேரிங்கும் நாயின் சதையியை அகற்றியபொழுதே நீரிழிவின் இருப்பிடம் புலனாயிற்று. 1921ஆம் ஆண்டு ரொறன்ரோவில் பான்ரிங்கும் பெஸ்ற்றும் நாய்களைக் கொண்டே இன்சுலினைக் கண்டறிந்தனர். 1922 சனவரியில் 14 வயதுச் சிறுவனொருவனுக்கு அது முதன்முதல் ஏற்றப்பட்டது. அதற்கு முன் இந்நோயுற்ற சிறுவர்க்கு மருத்துவம் வழங்கக்கூடியது பட்டினியும் சில மாத வாழ்வுமே. அந்நாய்களை மீட்டெடுத்து இச்சிறுமியை மடியவிட ஒருப்படும் மனம் எவர்க்கு உண்டு? எனக்கு இல்லை. எனவே, வேறு வழியில்லாதவிடத்து விலங்காய்வை நான் ஏற்கின்றேன். ஏற்பதாற் கடன் தீர்ந்துவிடுவதில்லை; அங்கேதான் கடன் தொடங்குகின்றது.

இதனைச் சற்று விரித்து நோக்குவோம். எலியை நோயுறச் செய்பவரிடம் காரணம் கேட்டால், "மனித குலத்தின் நன்மை" என்பார். ஆய்வு நடக்கும் வேளையில் அந்நன்மை கையில் இல்லை. நூறு வழிகள் எலிகளைக் காத்தும் மனிதருக்கு உதவாதுபோனதை மேலே கண்டோம். எலியின் துன்பம் உடனே நிகழ்ந்துவிடுகின்றது. மனிதரின் நன்மையோ பின்னொரு காலத்தில் வரலாம், வாராமலும் போகலாம். ஆகவே இங்கு நிகழ்வது கொடுக்கல் வாங்கலன்று, வாக்குறுதி. "உன் உயிரைத் தா; நோயுற்ற குழந்தைகளுக்கு இதன் பயனைச் சேர்ப்போம்" என்பதே எலியிடம் நாம் சொல்லாமற் சொல்லும் சொல். ஒரு செயலை நியாயப்படுத்துவது அதன்வழி வரும் பயனே எனின், அப்பயன் சேரவேண்டிய இடத்திற் சேரும்வரை அந்நியாயம் நிறைவு பெறாது. அதுவரை அது வெறுங் கொலையாகவே எஞ்சி நிற்கும்.

டெப்லிசுமாப் பயன் எங்கே சேர்ந்தது? அமெரிக்காவில் ஒருவருக்குரிய பதினான்கு நாள் மருந்தின் விலை, விற்பனைக்கு வந்தபொழுது ஏறத்தாழ 194,000 டொலர் என வைக்கப்பட்டது. ஒரு டொலர் 300 ரூபா எனக் கொண்டால் அது 5 கோடியே 82 இலட்சம் ரூபா. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அவ்வளவில் ஒரு தாய் ஒரு சதமும் செலவிடாது சேர்ப்பின், அம்மருந்துக்கு 43,000 நாட்சம்பளம் வேண்டும். ஆண்டுக்கு 300 நாள் அரைப்பேர் விழாமல் முழுப்பேர் பெற்றாலும் 143 ஆண்டுகள் ஆகும். சம்பளம் சில நூறு ரூபா கூடினாலும் இக்கணக்கின் பொருள் மாறப்போவதில்லை. என் வாயை அடைத்தது இக்கணக்கே.

இங்கேதான் "நாம்" என்னும் சொல்லின் எல்லை மாறுவதைக் காண்கின்றோம். எலியின் உயிரைக் கேட்கும்பொழுது "நாம்" என்பது மனித குலம் முழுவதும். அச்சொல்லினுள் மேல் லயத்துச் சிறுவனும் அடக்கம். அவனைப் போன்ற குழந்தைகளின் முகத்தைக் காட்டியே எலியின் உயிர் கேட்கப்படுகின்றது. பயனைப் பங்கிடும்பொழுதோ "நாம்" என்பது விலை கொடுக்க இயன்றோராகச் சுருங்கிவிடுகின்றது. ஆட்டு மூளை மருந்தின் கதையிலும் நிகழ்ந்தது இதுவே. மலையக மக்களுக்கு இவ்வித்தை புதிதன்று. கொழுந்து பறிக்கவும் நாட்டின் அந்நியச் செலாவணியைப் பெருக்கவும் அவர்கள் இந்நாட்டவராய் இருந்தனர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் உரிமையைப் பங்கிட்டபொழுது, அவர்களுட் பெரும்பாலோர் பிறராயினர். அக்குறை சட்டத்தால் முற்றுந் தீர 2003ஆம் ஆண்டுவரை செல்லவேண்டியிருந்தது. தன்னுடைய கலத்தைப் பிறிதெனக் கொள்ளும் உடலை நோயுற்றது என்கின்றோம். கலத்திற்கு அறிவில்லை, ஆகவே அதன்மேற் பழியில்லை. அறிந்தே எல்லையை மாற்றும் மனிதருக்கு அவ்விலக்கு இல்லை.

விலை என்பது பொருளியலின்பாற்பட்டது, அறத்தின்பாற்பட்டதன்று என்று ஒருவர் மறுக்கலாம். ஆய்வுக்குப் பெருஞ்செலவு ஆகின்றது, முதலிட்டவர் அதனை மீட்கவேண்டாமா என்றும் கேட்கலாம். மீட்கட்டும். ஆனால் டெப்லிசுமாப்பின் தடுப்பாற்றலைக் காட்டிய ஆய்வு அமெரிக்கப் பொதுமக்களின் வரிப்பணத்தின் துணையோடு நடந்தது. எலிகள் இட்ட முதலோ எந்தக் கணக்கேட்டிலும் பதியப்படவில்லை. முதலிட்ட எல்லோரையும் கணக்கிற் கொள்ளும்பொழுதுதான் யாருக்கு எவ்வளவு உரியது என்பது தெரியும். மேலும், அறம் விலையைத் தொடமாட்டாது என்பதற்கு இன்சுலினின் வரலாறே மறுப்பாகும். அதனைக் கண்டறிந்தோர் தம் காப்புரிமையைத் தலைக்கு ஒரு டொலர் பெற்று ரொறன்ரோ பல்கலைக்கழகத்திற்குக் கொடுத்தனர். இலங்கையின் அரச வைத்தியசாலைகளில் இன்சுலின் இலவசமாக வழங்கப்படுகின்றது. இடையே 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு நாட்டை வாட்டியபொழுது, இவ்வழங்கல் எத்துணை அருமையானது என்பதை யாவரும் உணர்ந்தோம். ஒருமுறை தீர்க்க முடிந்த கடனை மறுமுறை தீர்க்க இயலாது எனல் பொருந்தாது.

எம் தோட்டங்களில் கவ்வாத்து வெட்டத் தொடங்குமுன் கவ்வாத்துச் சாமிக்குப் பலியிடும் வழக்கம் உண்டு. பலியிடுதல் சரியா என்பது வேறு வழக்கு. அதனை நான் இங்கு ஆதரிக்கவில்லை. ஆனால் எங்கள் தோட்டத்தில் நான் கண்ட ஒன்றைக் குறிப்பிடவேண்டும். யார் நேர்ந்த கடாவாயினும் வெட்டியபின் எல்லா வீட்டிற்கும் பங்கு போகும். காய்ச்சலிற் படுத்திருப்பவன் வீட்டிற்கும், காசு சேர்க்காதவன் வீட்டிற்கும் போகும். ஊர்ப் பெயரால் வெட்டியதை ஒருவன் தன் வீட்டிற்குள் வைத்துக்கொண்டால், அவனைச் சாமி தண்டிக்கும் என்பர். எழுத்தறியாத இம்மக்கள் பலியைப் பற்றி அறிந்துவைத்திருக்கும் இவ்வொழுங்கு, மனித குலத்தின் பெயரால் நடக்கும் ஆய்வுகூடப் பலியில் இல்லை.

கடனைத் தீர்ப்பது என்பது யாது? எலிக்கு நாம் செய்யவேண்டியது ஒருபுறம். 1959ஆம் ஆண்டு ரசல், பேர்ச் என்னும் இருவர் மூன்று நெறிகளை வகுத்தனர். விலங்கிற்குப் பதில் வேறு வழி உண்டெனின் அதனையே கொள்க; இன்றேல் விலங்கின் தொகையைக் குறைக்க; அதற்கும் மேலாக அதன் நோவைத் தணிக்க என்பன அவை. இந்நெறி நடைமுறைக்கு ஒவ்வாத கனவன்று. பல்லாண்டுகளாக மாட்டின், பன்றியின் சதையியிலிருந்து வடிக்கப்பட்ட இன்சுலின், 1982 முதல் பற்றீரியாக்களைக் கொண்டு ஆக்கப்பட்டு வருகின்றது. ஓர் ஆய்வு தோற்பின் அத்தோல்வியை மறையாது வெளியிடுவதும் எலிக்குச் செய்யும் நன்றியே. அவ்வாறு செய்யாவிடின், வேறோர் ஊரில் வேறு எலிகள் அதே தோல்விக்காக மீண்டும் மடியும்.

மனிதருக்குச் செய்யவேண்டியது மறுபுறம். 5 கோடி ரூபா மருந்து மலைக்கு வரும் நாளை எதிர்நோக்கிக் கைகட்டி இருக்கவேண்டியதில்லை. ஏனெனில் பழைய கடனே இன்னும் முழுதாகத் தீரவில்லை. இன்சுலின் இலவசமாயினும் இரத்தச் சீனியை வீட்டிற் சோதிக்கும் கீற்றுகளைப் பெரும்பாலும் காசு கொடுத்தே வாங்கவேண்டியுள்ளது. குளிர்ப்பெட்டி இல்லாத காம்பராவிலே ஈர மணலில் வைத்த மண்சட்டியிலேயே அத்தாய் இன்சுலினைக் காக்கின்றார். லுணுகலை, மடுல்சீமைப் பக்கத்து உட்தோட்டங்களிலிருந்து பதுளைக்கு ஒரு நாள் சென்றுவருவதென்றால் ஒரு நாட்சம்பளம் போய்விடும். குழந்தை அடிக்கடி நீர் கேட்பதும், படுக்கையை நனைப்பதும், மெலிவதும் சேர்ந்து காணின் உடனே ஒரு துளி இரத்தத்தைச் சோதிக்கவேண்டும் என்பதை, லயந்தோறும் எடுத்துச்சொல்வதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. தோட்ட மருந்தகத்திற் சோதனைக் கருவியொன்று இருந்தால் மயங்கிய பின்னர் லொறியேற்றும் நிலை பெரிதும் குறையும். இச்சிறு செயல்களும் அந்த நாய்களுக்கும் எலிகளுக்கும் நாம் செலுத்தும் கடனின் தவணைகளே. பல்கலைக்கழகத்தில் இலவசக் கல்வி பெறும் எம் போன்றோர் முதலிற் செலுத்தவேண்டிய தவணையும் இதுவே.

ஆகவே எனது முடிவு இது. வேறு வழியில்லாதவிடத்து எலியை ஆய்வுக்குட்படுத்துதல் மன்னிக்கத்தக்கது. ஆனால் அம்மன்னிப்பு நிபந்தனைக்குட்பட்டது. யாருடைய பெயரைச் சொல்லி எலியின் உயிரைப் பெற்றோமோ அவர்களுக்கெல்லாம் அதன் பயன் சென்று சேரவேண்டும். சேராதவரை, பயனைப் பெற்றவரும் பெறுவித்தவரும் அவ்வுயிருக்குக் கடனாளரே.

திருமறைக்காட்டு எலியின் வலியை இறைவன் மறந்துவிடவில்லை. இக்காலத்து எலிக்கு மூவுலகாட்சியை வழங்க நம்மால் ஆகாது. அது தூண்டிய விளக்கின் ஒளியை மேல் லயத்துக் காம்பராவரை கொண்டுசெல்வது ஆகும். அடுத்த விடுமுறைக்குச் செல்லும்பொழுது அத்தாயிடம் தடுப்பு மருந்தைப் பற்றி நான் புதிதாகக் கூற எதுவும் இராது. இளையவனையும் அழைத்துக்கொண்டு அவரோடு பதுளைக்குச் சென்று, அச்சிறுவனின் ஒரு துளி இரத்தத்தைச் சோதிப்பித்து வருவேன். என் பங்குத் தவணையை அங்கிருந்து தொடங்கலாம்.